செல்லப் பிராணிகளுக்கு அக்குபங்சர்: ஊசிக்கு முன்னால் இருக்கும் ஐந்தரை வருடம்

"டாக்டர், நாய் பூனைக்கு அக்குபங்சர் பண்றதை மட்டும் தனியா படிக்க முடியுமா?"

மாதத்துக்கு ஒருவராவது இந்தக் கேள்வியோடு என் கிளினிக்குக்கு வருகிறார்கள். பிளஸ் டூ முடித்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரும் அப்பா, மனிதர்களுக்கான அக்குபங்சர் டிப்ளமா கையில் வைத்திருப்பவர், கம்ப்யூட்டர் வேலை அலுத்துப்போய் மனசுக்குப் பிடித்த வேலையைத் தேடும் முப்பது வயதுக்காரர். எல்லோருக்கும் விலங்குகள் மேல் உண்மையான பிரியம் இருக்கிறது. அதனால் 'முடியாது' என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிட எனக்கு மனம் வருவதில்லை. இன்னொரு காரணமும் உண்டு. மேற்கு நாடுகளில் இந்தத் தொழிலுக்கு அடி போட்டவர்களில் முக்கியமான இருவர் கால்நடை மருத்துவர்களே இல்லை.

அந்தக் கதையையும், என் மேசையில் படுத்திருந்த ஒரு டாஷ்ஹண்ட் நாயின் கதையையும் சேர்த்துத்தான் நான் பதில் சொல்வது வழக்கம். இரண்டையும் இங்கே விரிவாக எழுதிவைக்கிறேன்.

லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கியது

1971 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் பெய்ஜிங்கில் இருந்தபோது அவருக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு வயிற்றில் ஏற்பட்ட அவஸ்தைக்கு அங்குள்ள மருத்துவர் அக்குபங்சர் ஊசி குத்தினார். ரெஸ்டன் அதை எழுத, அமெரிக்காவில் பெரிய ஆர்வம் கிளம்பியது. அடுத்த பிப்ரவரியில் அதிபர் நிக்சன் சீனா போய்வந்ததும் அது இன்னும் பரவியது.

அந்தச் சூட்டில், லாஸ் ஏஞ்சலஸில் நேஷனல் அக்குபங்சர் அசோசியேஷன் என்ற அமைப்பைச் சேர்ந்த சிலர் மனிதர்களுக்கு ஊசி வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஜீன் புரூனோ, ஜான் ஓட்டவியானோ என்ற இருவர் விலங்குகள் பக்கம் திரும்பினார்கள். கால்நடை மருத்துவர்களின் கிளினிக்குகளுக்கே போய், அவர்கள் பார்த்துக் கண்டறிந்த நாய்களுக்கும் குதிரைகளுக்கும் ஊசி வைத்தார்கள். ரிச்சர்ட் கிளாஸ்பெர்க், ஆலிஸ் டிக்ரூட் போன்ற கால்நடை மருத்துவர்கள் அவர்களோடு சேர்ந்து வேலை செய்து கற்றுக்கொண்டார்கள். 1974-ல் சர்வதேச கால்நடை அக்குபங்சர் சங்கம் உருவானது. ஐவாஸ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இன்று உலகம் முழுக்க இந்தத் துறையில் மதிக்கப்படும் சான்றிதழ்களில் அதனுடையதும் ஒன்று.

அந்த ஐவாஸ் பயிற்சியில் சேரக் கால்நடை மருத்துவப் பட்டம் வேண்டும், இல்லையென்றால் அந்தப் படிப்பில் மாணவராக இருக்க வேண்டும். அதாவது, 1970-களின் தொடக்கத்தில் புரூனோவும் ஓட்டவியானோவும் கையில் வைத்திருந்த தகுதியோடு இன்று ஒருவர் விண்ணப்பித்தால் கதவு திறக்காது. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் விலங்குக்கு ஊசி வைப்பது கால்நடை மருத்துவத் தொழிலாகவே கருதப்படுகிறது.

முதன்முதலாக இதைப் படித்தபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. கற்றுக்கொடுத்தவர்களை வெளியே நிறுத்திவிட்டுக் கற்றுக்கொண்டவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்களே என்று. இப்போதும் அவர்கள் மேல் எனக்கு நன்றியுணர்வு உண்டு. ஆனால் அவர்கள் வேலை செய்த விதத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். நாயைச் சோதித்து நோய் இன்னதென்று சொல்ல ஒரு கால்நடை மருத்துவர் பக்கத்திலேயே நின்றார். ஊசி அதற்குப் பிறகுதான் வந்தது. பின்னால் வந்த சட்டங்கள் அந்த இரண்டு ஆட்களையும் ஒரே ஆளாக ஆக்கிவிட்டன, அவ்வளவுதான்.

சில இடங்களில் இன்னும் இரண்டு ஆட்களாகவே செய்கிறார்கள். மேரிலாந்து மாநிலத்தில், மனிதர்களுக்கான உரிமம் பெற்ற அக்குபங்சர் நிபுணர் குறைந்தது 135 மணி நேர விலங்குப் பயிற்சி முடித்துவிட்டு, கால்நடை மருத்துவரோடு இணைந்து விலங்குகளுக்குச் சிகிச்சை தரலாம். பிரிட்டனில் அதற்கு இடமில்லை. அங்கே பிசியோதெரபியை மருத்துவரின் பரிந்துரையின் பேரில் மற்றவர்கள் செய்யலாம். ஊசி தோலைத் துளைக்கிறது என்பதால் அது கால்நடை மருத்துவர் கையில்தான் இருக்க வேண்டும்.

மனித வரைபடத்தை நாய் மேல் விரித்தால்

சீனாவில் விலங்குகளுக்கு ஊசி வைப்பது பழைய வித்தைதான். ஆனால் அது பெரும்பாலும் குதிரைக்கும் மாட்டுக்குமான வித்தை. போருக்கும் உழவுக்கும் வேண்டிய விலங்குகள் அல்லவா? மிங் அரசர் காலத்தில், 1608-ல், யூ குடும்பத்துச் சகோதரர்கள் எழுதிய குதிரை வைத்திய நூல் இன்றும் பேசப்படுகிறது. வீட்டு நாய்க்கு அப்படியொரு நீண்ட மரபு கிடையாது. இன்று நாம் நாயின் உடலில் பயன்படுத்தும் புள்ளிகளில் பெரும்பாலானவை மனித உடலின் வரைபடத்திலிருந்து எடுத்து நாய்க்குப் பொருத்தியவை.

அங்கேதான் சிக்கல். மனிதருக்கு விலா எலும்பு 12 ஜோடி, நாய்க்கு 13. மனிதரின் இடுப்பு முள்ளெலும்புகள் 5, நாய்க்கு 7. ஊசிப் புள்ளிகளை வரிசையாக இணைக்கும் கோட்டை அக்குபங்சரில் தடம் என்பார்கள். முதுகை ஒட்டி இறங்கும் சிறுநீர்ப்பைத் தடத்தின் புள்ளிகள் எல்லாமே முள்ளெலும்பு எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடுபவை. மனிதருக்குப் பழகிய விரல் நாயின் முதுகில் ஓர் எலும்பு தள்ளிப் போய் உட்காரும். மண்ணீரல் தடம் மனிதருக்குக் கால் கட்டைவிரலில் தொடங்குகிறது. பெரும்பாலான நாய்களுக்குப் பின்னங்காலில் கட்டைவிரலே கிடையாது. அப்புறம் எங்கே தொடங்குவது? இரண்டாம் விரலுக்கு நகர்த்தித்தான் வைத்துக்கொள்கிறோம்.

'பாய் ஹுய்' என்ற பெயரை இரண்டு மருத்துவங்களிலும் கேட்பீர்கள். மனிதருக்கு அது உச்சந்தலையில். விலங்கு மருத்துவத்தில் அந்தப் பெயருக்குரிய முக்கியமான புள்ளி, கடைசி இடுப்பு முள்ளெலும்புக்கும் அதை அடுத்துள்ள திரிக எலும்புக்கும் நடுவே உள்ள பள்ளம். ஒரே பெயர், உடம்பின் இரண்டு கோடிகள். நான் பயிற்சி எடுத்த நாட்களில் அந்தப் பள்ளத்தைக் கண்டுபிடிக்க மட்டும் நூறு நாய்களின் இடுப்பைத் தடவியிருப்பேன். கொழுத்த லாப்ரடாரில் கண்டுபிடிப்பது மணலில் காசு தேடுவது போல.

இந்த இடத்தில் நம்மவர்கள் அடிக்கடி கேட்பது: "இது நம்ம வர்மம்தானே? யானைப் பாகர்களுக்குத் தெரிந்ததுதானே?" இலங்கையின் பாகர்களிடம் 'நில' என்ற புள்ளி முறை இருப்பது உண்மை. யானையை நடக்கவைக்க, மண்டியிடவைக்க, அடக்க எந்த இடத்தில் அங்குசத்தை அழுத்த வேண்டும் என்ற அறிவு அது. அருமையான அறிவு. ஆனால் அதை ஊசி சிகிச்சையோடு ஒன்றாக்கிப் பேச எனக்குத் தயக்கம் உண்டு. யானையை நடத்துவதற்கான அறிவு ஒன்று, நோய்க்கு வைத்தியம் செய்யும் அறிவு வேறு.

மேசையில் டாஷ்ஹண்ட்

இப்போது என் மேசைக்கு வருவோம். ஆறு வயது ஆண் டாஷ்ஹண்ட். பெயர் பிஸ்தா. நீளமான முதுகும் குட்டைக் கால்களும் கொண்ட இந்த இனத்தில் முள்ளெலும்புகளுக்கு இடையிலான டிஸ்க்குகள் இளம் வயதிலேயே சுண்ணாம்பு பிடித்துக் கெட்டியாகிவிடும். பிறகு சோபாவிலிருந்து ஒரு சாதாரணத் தாவல் போதும். டிஸ்க் வெடித்துத் தண்டுவடத்தை அழுத்தும். பிஸ்தாவுக்கு நடந்ததும் அதுதான். பின்னங்கால்கள் இரண்டும் துவண்டுவிட்டன.

என்னிடம் வந்தது ஒன்பதாவது நாள். அதுவரை, மனிதர்களுக்கு அக்குபங்சர் செய்து பழகிய ஒருவரிடம் தினமும் கூட்டிப் போயிருக்கிறார்கள். "நல்ல முன்னேற்றம் டாக்டர். ஊசி வைத்தால் காலை வெடுக்கென்று இழுக்கிறான். முதல் இரண்டு நாள் ஒன்றுக்கே போகவில்லை, இப்போது தானாகவே போகிறான்" என்றார் அந்த வீட்டு அம்மா. முகத்தில் அவ்வளவு நம்பிக்கை.

வயிற்றில் கை வைத்தேன். சிறுநீர்ப்பை முற்றாத தேங்காய் போலக் கெட்டியாக, நிறைந்து நின்றது. அது தானாகப் போகவில்லை. நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. தொட்டி நிரம்பினால் விளிம்பில் வழியுமே, அப்படி. ஒன்பது நாளாக முழுதும் காலியாகாத சிறுநீர்ப்பையில் தொற்றும் வந்திருந்தது.

அடுத்து ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் என்ற இடுக்கியால் பின்னங்கால் விரலின் எலும்பை அழுத்தினேன். கால் வெடுக்கென்று மடங்கியது. "பாருங்க, பாருங்க!" என்றார் அந்த அம்மா. நான் காலைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிஸ்தா அவர் கையிலிருந்த பிஸ்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பவில்லை, முனகவில்லை, கண் கூட விரியவில்லை. இன்னும் பலமாக அழுத்தினேன். கால் மடங்கியது. கண் பிஸ்கட்டை விட்டு நகரவில்லை.

கால் மடங்குவது தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியே செய்துமுடிக்கும் அனிச்சைச் செயல். மூளைக்குச் செய்தி போக வேண்டிய தேவையே அதற்கு இல்லை. செய்தி போகிறதா என்பதற்கு ஒரே சாட்சி முகம். திரும்பிப் பார்ப்பது, கத்துவது, கடிக்க வருவது. ஆழ்ந்த வலி உணர்வு என்று நாங்கள் சொல்வது அதைத்தான். அது இருந்தால் அறுவை சிகிச்சையிலும் சரி, மற்ற சிகிச்சையிலும் சரி, நாய் நடக்க நல்ல வாய்ப்பு உண்டு. அது போய்விட்டால் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. பிஸ்தாவுக்கு அது எந்த நாளில் போனது என்று சொல்ல யாரும் இல்லை, ஏனென்றால் அந்த ஒன்பது நாளும் யாரும் சோதிக்கவில்லை.

ஊசி வைத்தவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் கழித்து அது வேறு மாதிரி ஆனது. அவர் ஏமாற்றுக்காரர் இல்லை, அதிகப் பணமும் வாங்கவில்லை. மனிதர்களிடம் பழகியவர். மனித நோயாளி "காலில் உணர்ச்சியே இல்லை" என்று வாயால் சொல்லிவிடுவார். மூத்திரம் அடைத்துக்கொண்டால் கத்துவார். எதையும் சொல்லாத நோயாளியைச் சோதிக்க அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவர் வைத்த புள்ளிகள் பெரும்பாலும் சரியாகத்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதனால் பிஸ்தாவுக்கு எந்தப் பயனும் இல்லை.

எக்ஸ்ரேயில் மார்பு முள்ளெலும்பு 12-க்கும் 13-க்கும் நடுவே இடைவெளி ஒடுங்கியிருந்தது. எம்.ஆர்.ஐ., அறுவை சிகிச்சை, அதில் இப்போது எவ்வளவு குறைந்த வாய்ப்பு என்று எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் குடும்பம் அறுவை சிகிச்சை வேண்டாம் என்று முடிவு செய்தது. கூண்டில் ஓய்வு, நாளுக்கு மூன்று முறை சிறுநீரைக் கையால் அழுத்தி எடுப்பது, தொற்றுக்கு மருந்து, படுக்கைப் புண் வராமல் திருப்பிப் போடுவது. இவற்றோடு வாரம் இரண்டு முறை மின் அக்குபங்சர்.

அந்த ஊசிகளை ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். கால் மில்லிமீட்டர் தடிமன் கூட இருக்காது. மருந்து போடும் 24 கேஜ் ஊசி அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். முதுகில் டிஸ்க் வெடித்த இடத்துக்கு முன்னும் பின்னும் இரு பக்கமும், பாய் ஹுய்யில் ஒன்று, முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கத்தில் ஒன்று. மெல்லிய கம்பிகளை மாட்டி, தோல் லேசாகத் துடிக்கும் அளவுக்கு மின்துடிப்பைக் கூட்டுவேன். இருபது நிமிடம். பத்தாவது நிமிடத்தில் பிஸ்தா தூங்கிவிடுவான். அந்த அம்மா அவன் தலையைத் தன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார்.

பிஸ்தா எழுந்து நடக்கவில்லை. நான்கு மாதத்துக்குப் பிறகு இரண்டு சக்கரம் மாட்டிய சின்ன வண்டியில் வீட்டுக் கூடத்தில் ஓடுகிறான். சிறுநீரை இன்றும் அந்த அம்மாதான் எடுத்துவிடுகிறார்.

அதே மாதம் இன்னொரு டாஷ்ஹண்ட் இரண்டாம் நாளே வந்தது. விரலை அழுத்தியதும் திரும்பி என் மணிக்கட்டைக் கவ்வியது. எனக்கு அப்போது வந்த சந்தோஷம்! அதற்கும் இதே ஊசிகள், இதே ஓய்வு. ஐந்து வாரத்தில் தள்ளாடியபடி நடந்தது. அதை ஊசி நடக்கவைத்ததா? ஆழ்ந்த வலி உணர்வு உள்ள நாய்களில் பல, கூண்டு ஓய்விலேயே எழுந்துவிடும். ஒரு நாயை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆய்வுகள் தாங்கும் அளவு

அதற்குத்தான் ஆய்வுகள். 2010-ல் பிரேசிலின் ஜோவாகிமும் அவரது குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், முதுகு டிஸ்க் நோயால் 48 மணி நேரத்துக்கு மேல் கடுமையாகப் பாதிக்கப்பட்டிருந்த 40 நாய்கள் இருந்தன. மின் அக்குபங்சர் மட்டும் பெற்ற 19-ல் 15 நாய்கள் தேறின. அறுவை சிகிச்சை மட்டும் செய்த 10-ல் 4. இரண்டும் சேர்த்துச் செய்த 11-ல் 8. கேட்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் எந்த நாய்க்கு எந்தச் சிகிச்சை என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யவில்லை, குழுக்களும் சிறியவை. 'ஆபரேஷனை விட ஊசியே மேல்' என்று இதைக் காட்டிச் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

2006-ல் ஹாபாக்கரும் உடனிருந்தவர்களும் விலங்கு அக்குபங்சர் பற்றிய 31 சோதனைகளைத் திரட்டிப் பார்த்தார்கள். எந்த நோய்க்கும் இதைப் பரிந்துரைக்கவோ நிராகரிக்கவோ போதுமான வலுவான ஆதாரம் இல்லை என்பதே அவர்கள் வந்து சேர்ந்த முடிவு.

ஊசி உடலுக்குள் ஏதோ செய்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 1976-ல் கனடாவின் பொமரான்ஸ், எலிகளில் அக்குபங்சர் தரும் வலி நிவாரணத்தை, எண்டார்ஃபின் போன்றவற்றின் வேலையை முடக்கும் நாலோக்சோன் என்ற மருந்து தடுத்துவிடுவதைக் காட்டினார். உடல் தானே சுரக்கும் வலி நிவாரணியான எண்டார்ஃபினுக்கு அதில் பங்கு இருக்கிறது என்ற எண்ணம் அங்கிருந்துதான் வலுப்பெற்றது. 2010-ல் ராச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எலியின் முழங்காலுக்கு அருகே ஊசியைச் சுழற்றும்போது அந்த இடத்தில் வலியைத் தணிக்கும் அடினோசின் என்ற பொருள் அதிகரிப்பதைக் கண்டார்கள். நான் மூட்டுவாத நாய்களுக்கு வைக்கும் அதே புள்ளி. வயதான லாப்ரடாருக்கு வலி மாத்திரையின் அளவைக் குறைக்க முடிந்தால் அதன் சிறுநீரகத்துக்கு அது பெரிய உபகாரம். அந்த அளவுக்கு நான் இதை நம்புகிறேன், தினமும் செய்கிறேன்.

அப்படியானால் வழி என்ன?

இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம், 1984-ன் 30-வது பிரிவு தெளிவாக இருக்கிறது. பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் மட்டுமே விலங்குகளுக்கு மருத்துவம் செய்யலாம். மத்திய அரசு 2019-ல் அக்குபங்சருக்குத் தந்த அங்கீகாரம் மனிதர்களுக்கான சிகிச்சைக்கு. அந்தச் சான்றிதழைக் காட்டி நாய்க்கு ஊசி வைக்க முடியாது. டிப்ளமா வைத்திருப்பவர்களிடம் இதைச் சொல்லும்போது முகம் வாடுகிறது, எனக்கும் சங்கடமாக இருக்கிறது. அவர்களில் சிலர் ஒரு கால்நடை மருத்துவரிடம் உதவியாளராகச் சேர்ந்து, நாயைப் பிடிக்க, நடக்கவைக்க, உரிமையாளர்களுக்கு வீட்டுப் பராமரிப்பைச் சொல்லித்தரக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். நல்ல வேலை அது.

பிளஸ் டூ மாணவர்களுக்கு வழி நீளமானது, ஆனால் நேரானது. உயிரியல் பாடம். பிறகு பி.வி.எஸ்சி. அண்டு ஏ.எச். என்ற கால்நடை மருத்துவப் பட்டம், ஒரு வருட உள்ளுறைப் பயிற்சியையும் சேர்த்து ஐந்தரை வருடம். வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, நாமக்கல் இருக்கிறது, இன்னும் பல இருக்கின்றன. எல்லாம் 1989-ல் உருவான தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ். மாநில இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண், அகில இந்திய ஒதுக்கீட்டின் 15 விழுக்காட்டுக்கு நீட். பட்டம் முடித்து மாநிலக் கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிவு செய்த பிறகுதான் ஊசி. ஐவாஸ், புளோரிடாவில் ஹுய்ஷெங் ஷியே 1998-ல் சி இன்ஸ்டிடியூட் என்ற பெயரில் நிறுவிய இன்றைய சி யுனிவர்சிட்டி, நரம்பியல் அடிப்படையில் கற்றுத்தரும் க்யூராகோர் என்று சில வழிகள் உண்டு. வகுப்புகள், தேர்வுகள், அனுபவசாலி ஒருவரிடம் நேரடிப் பயிற்சி, சொந்தமாகச் சிகிச்சை தந்த ஒரு நோயாளியைப் பற்றிய முழு அறிக்கை. ஐவாஸ், சி இரண்டிலும் ஏறக்குறைய இப்படித்தான்.

ஊசி மட்டுமே வைத்து வாழ முடியுமா என்றும் கேட்கிறார்கள். என் கிளினிக்கில் பத்து நாய் வந்தால் ஊசிக்கு வருவது ஒன்றோ இரண்டோ. மற்றவை தடுப்பூசி, தோல் நோய், பேதி, பல். அந்த எட்டு நாய்களையும் பிரியமாகப் பார்க்க முடியாதவருக்கு இந்தத் தொழில் கஷ்டமாகத்தான் இருக்கும். அதோடு, அதிகம் ஊசிக்கு வருபவை வயதான நாய்கள். இரண்டு வருடம் வாராவாரம் பழகிய நாயை இழப்பதற்கு மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டும். நான் இன்னும் தயாராகவில்லை.

போன வருடம் அப்பாவோடு வந்து முதல் வரியில் உள்ள அந்தக் கேள்வியைக் கேட்ட பெண் இப்போது கால்நடை மருத்துவம் முதலாம் ஆண்டு. விடுமுறையில் ஒரு வாரம் கிளினிக்கில் வந்து நின்றாள். பின்னங்கால் துவண்ட ஒரு பக் நாயை மேசையில் வைத்திருந்தார்கள். நான் ஃபோர்செப்ஸை எடுத்ததும் அவள் மேசையைச் சுற்றி வந்து, நாயின் தலைப்பக்கம் குனிந்து நின்றுகொண்டாள்.

"அழுத்துங்க டாக்டர், நான் முகத்தைப் பார்க்கிறேன்" என்றாள்.